7.1 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிப் படியுங்கள்: ஹாம் தேர்வுக்கு ஒரு வழிகாட்டல்

ஞாயிறு காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நாலு ஊர்க்காரர்களோடு வானொலியில் பேச வேண்டும், அதுதான் ஆசை என்றால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமத்தில் தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தாராளமாகப் போதும். 12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம், மோர்ஸ் (புள்ளி, கோடு கொண்ட தந்திக்குறி) தேர்வு கிடையாது. அதில் அனுமதிக்கப்படும் உச்ச சக்தி 50 வாட். அதற்கு மேல்நிலையான ஜெனரல் கிரேடுக்கு 400 வாட். எட்டு மடங்கு என்றதும் மலைக்க வேண்டாம். எட்டு மடங்கு என்பது 9 டெசிபெல். ரிசீவர் மீட்டரில் சிக்னலின் வலிமையைக் காட்டும் அளவான ஒரு எஸ் யூனிட் 6 டெசிபெல் என்பதால், எதிர்முனையில் மீட்டர் முள் ஒன்றரை எஸ் யூனிட் கூடுதலாக நகரும், அவ்வளவே. பொழுதுபோக்காகப் பேசுபவருக்கு இந்த வித்தியாசத்துக்காகக் காத்திருப்பது வீண்.

ரெஸ்ட்ரிக்டட் தேர்வு 100 மதிப்பெண், ஒரு மணி நேரம். ரேடியோ தியரிக்கு 50, விதிமுறைகளுக்கு 50. ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம் எடுக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். அதாவது இரண்டிலும் 20, 20 எடுத்தால் தேர்ச்சி இல்லை. தியரியில் 45 எடுத்து விதிமுறையில் 18 எடுத்தாலும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் வழுக்கி விழுவது இந்த இரண்டாவது இடத்தில்தான். தியரி தெரிந்த தைரியத்தில் விதிமுறையை முந்தைய நாள் இரவில் புரட்டுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள்: ஆறு வாரம் படிக்கிறீர்கள் என்றால் முதல் இரண்டு வாரம் முழுக்க விதிமுறைக்குக் கொடுங்கள்.

அதில் வரும் கியூ கோடுகளை (கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்) அகரவரிசையில் உருப்போட்டால் தேர்வறையில் எல்லாம் கலங்கிவிடும். காதில் விழும் அனுபவத்தோடு முடிச்சுப் போடுங்கள். இன்னொரு நிலையம் மேலே ஏறிப் பேசினால் கியூஆர்எம். ஐப்பசி இடி ரிசீவரில் பொரிந்து தள்ளினால் கியூஆர்என். குரல் எழும்பி எழும்பி அமுங்கினால் கியூஎஸ்பி. சக்தியைக் கூட்டு என்பது கியூஆர்ஓ, குறை என்பது கியூஆர்பி. இந்த இரண்டும்தான் அதிகம் இடம் மாறும். கேள்விக்குறியோடு வந்தால் அதே கோடு கேள்வியாகிவிடும்: கியூடிஎச் என்றால் ‘என் இருப்பிடம் இது’, கியூடிஎச்? என்றால் ‘உங்கள் இருப்பிடம் எது’. இரண்டு வடிவத்தையும் எழுதிப் பழகுங்கள்.

நேரக் கணக்கும் அப்படித்தான். ஹாம்கள் பதிவேட்டில் யூடிசி நேரம் (உலகப் பொது நேரம்) எழுதுவது வழக்கம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். காலை 6 மணி என்றால் 00:30, இதில் யாரும் தவறுவதில்லை. திங்கள் அதிகாலை 4 மணி என்றால் அது ஞாயிறு 22:30. நேரத்தைச் சரியாக எழுதிவிட்டுத் தேதியைக் கோட்டைவிடுகிறார்கள்.

அபாய அழைப்புகளை நம் கடலூர், புதுச்சேரிக் கடற்கரைக்காரர்கள் ஒருமுறை படித்தாலே மனதில் நிற்கும். கடலூர் துறைமுகத்துப் படகில் இருக்கும் விஎச்எஃப் (மிகு உயர் அதிர்வெண்) செட்டின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’ மூன்று முறை, அவசரம் என்றால் ‘பான் பான்’. அபாய அழைப்பு கேட்டால் மற்ற எல்லாப் பேச்சும் நிற்க வேண்டும். வியாபாரப் பேச்சு, பாட்டு ஒலிபரப்பு, காசு வாங்கிக்கொண்டு பிறர் செய்தியை அனுப்புவது எதற்கும் ஹாம் அலைவரிசையில் இடமில்லை.

தியரிக்கு ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 7.1 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 வரை. பிறகு நீங்கள் பேசப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். அலைநீளம் 300 ÷ 7.1 = 42.25 மீட்டர். அரை அலை டைபோல் (நடுவில் பிரிந்து இரண்டு கையாக நீளும் கம்பி ஆன்டெனா) 143 ÷ 7.1 = 20.1 மீட்டர், ஒரு கை 10 மீட்டருக்குச் சற்று மேல். 150 இல்லாமல் ஏன் 143? கம்பியின் முனைகளில் உண்டாகும் விளைவால் மின்சாரத்துக்குக் கம்பி உள்ளதைவிடச் சுமார் ஐந்து சதவீதம் நீளமாகத் தெரிகிறது. அந்த அளவு வெட்டிவிடுகிறோம். காரணத்தோடு படித்தால் சூத்திரம் மறக்காது.

ஒத்ததிர்வுக்கு 10 மைக்ரோஹென்றி காயில் (L), 50 பிகோஃபாரட் கண்டென்சர் (C) எடுத்து 1 ÷ (2π√LC) சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். விடை 7.12 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். 7120 என்றோ 0.007 என்றோ வந்தால் மைக்ரோவுக்கு 10இன் அடுக்கு மைனஸ் 6, பிகோவுக்கு மைனஸ் 12 என்பதில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள். வர்க்கமூலம் எடுக்க மறப்பதும் உண்டு. இந்த ஒரு கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் பத்து முறை போட்டால் மற்ற அடுக்குக்குறிக் கணக்குகள் பயமுறுத்தாது. சூப்பர்ஹெட் ரிசீவருக்கும் (வரும் அலையை ஆஸிலேட்டரோடு கலந்து இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றும் வகை) அதே எண்தான்: இடைநிலை அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸ், ஆஸிலேட்டர் மேலே இருந்தால் 7.555 மெகாஹெர்ட்ஸ், இமேஜ் (கூடவே நுழையும் வேண்டாத அலை) 8.010. இமேஜ் இடைநிலை அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கும். ஒரு மடங்கு மட்டும் கூட்டி 7.555ஐயே விடையாக எழுதுவது வழக்கமான பிழை.

விஎச்எஃப் எட்டும் தூரத்துக்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கடலூரில் 9 மீட்டர், புதுச்சேரியில் 9 மீட்டர் என்றால் 12.4 கூட்டல் 12.4, ஏறக்குறைய 25. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை எட்டிவிடுகிறது. தரையில் நின்று ஹேண்டியை (கையடக்க ரேடியோ) கையில் பிடித்தால் ஏன் எட்டவில்லை என்பதும் இதிலேயே புரியும்.

படிப்போடு கூடவே கேளுங்கள். எஸ்எஸ்பி (ஒற்றை சைட்பேண்டில் பேசும் முறை) உள்ள ஷார்ட்வேவ் ரேடியோ இல்லாவிட்டாலும், இணையத்தில் திறந்திருக்கும் ரிசீவர்களைச் செல்போனிலேயே திருப்பலாம். காலை வேளையில் 7.0 – 7.2க்குள் இந்திய நிலையங்கள் கிடைக்கும். குரல் வாத்து கத்துவது போல இருந்தால் சைட்பேண்ட் மாறியிருக்கிறது: 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி (கீழ் சைட்பேண்ட்), மேலே யூஎஸ்பி (மேல் சைட்பேண்ட்). கேட்கும் ஒவ்வொரு கால்சைனையும் (நிலையத்தின் அடையாள எழுத்துகள்) ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுதி வையுங்கள். ஒலியெழுத்துப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து படிக்கவே வேண்டியிராது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உரிமம் வருமுன் மலிவாகக் கிடைக்கிறது என்று டிரான்ஸ்மிட்டர் வாங்கி வைக்காதீர்கள். பேசாவிட்டாலும், வைத்திருப்பதே சட்டப்படி தவறு.

விண்ணப்பம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில். நமக்கு அருகில் சென்னை மையம். முகவரிச் சான்றும் விண்ணப்பத்தில் எழுதும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். பாகூர்ப் பக்கம் எல்லையோரத்தில் குடியிருந்துகொண்டு பழைய கடலூர் முகவரியையே ஆதாரில் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தேர்ச்சி வேறு, உரிமம் வேறு. நடுவே சரிபார்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்த மாதங்களை ஆன்டெனாவுக்குக் கொடுங்கள். இரண்டு கையும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக் கட்டுங்கள். கால்சைன் வந்தபின் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பார்த்துக் கத்தரிக்கலாம்: ஒவ்வொரு கையிலும் 1 சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். தென்னையில் கட்டினால் இறுக்கிக் கட்டாதீர்கள், காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும். கப்பி போட்டு, மணல் நிரப்பிய பாட்டிலை எடையாகத் தொங்கவிடுங்கள். உப்புக்காற்றில் சால்டர் வைத்த இடம் ஒரே மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கோஆக்ஸ் (ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிள்) சேரும் இடத்தை ரப்பர் டேப்பால் சுற்றி மூடி, கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். புயல் அறிவிப்பு வந்தால் கப்பியைத் தளர்த்தி டைபோலை இறக்குங்கள். வெறும் இடி என்றால் கோஆக்ஸைக் கழற்றி வெளியே போட்டால் போதும்.