மூன்றே நிறம்

கணினியைத் திறந்தால் லட்சக்கணக்கில் நிறங்கள். எதைத் தொடுவது என்றே குழம்பிவிடும். அப்போதெல்லாம் நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளி என்ற எம்பிராய்டரிப் போர்வையைத்தான் எடுத்துப் பார்ப்பேன். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், அவ்வளவுதான். துணியில் கோடு வரைவதில்லை, சட்டத்தில் மாட்டுவதில்லை. தோடர் பெண்கள் இழைகளை எண்ணி எண்ணியே தையல் போடுகிறார்கள். அதனாலேயே பூவும் மலையும்கூட படியும் கோணமுமாக வந்து விழுகின்றன. இரண்டு பக்கமும் போர்த்தலாம் (நான் செய்யும் துணிகளின் பின்பக்கத்தைத் தயவுசெய்து கேட்காதீர்கள்).

2013இல் இந்த எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே கோலத்தை பாலியெஸ்டரில் அச்சடித்து விற்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது வடிவமைக்கும் சால்வையில் நானும் மூன்று நிறத்தைத் தாண்டப்போவதில்லை. வாடிக்கையாளர் கொஞ்சம் பச்சை கேட்கிறார். சரி, பேசிப் பார்ப்போம்.