அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ்

ஆகஸ்ட் மாசம் அப்பா கர்த்தருக்குள்ள போயிட்டாங்க, அதனால இந்த வருஷம் பாளையங்கோட்டைல எங்க வீட்டு வாசல்ல மட்டும் நட்சத்திரம் தொங்கல. டிசம்பர் ஒண்ணாம் தேதியே அம்மா சொல்லிட்டாங்க, "ஏட்டி, இந்த வருஷம் நட்சத்திரமும் வேண்டாம் பலகாரமும் வேண்டாம், கோயிலுக்கு போவோம் வருவோம் அவ்வளவுதான்". தங்கச்சி பெங்களூருக்கு கூப்பிட்டா, அதுக்கும் வரலன்னுட்டாங்க. சரி, நாமளும் அம்மா கூடவே இருப்போம்னு நான் லீவு போட்டு வந்துட்டேன்.

கேரல் ரவுண்ட்ஸ் பசங்க வந்த ராத்திரி மறக்காது. துக்க வீடுன்னு அவங்களுக்கு தெரியும், தெருமுனையிலயே டிரம்ம நிறுத்திட்டு கேட் பக்கத்துல வந்து மெதுவா ஒரே ஒரு கீர்த்தனை மட்டும் பாடுனாங்க. அம்மா உள்ள இருட்டுலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க, முடிஞ்சதும் எந்திரிச்சு வந்து "உள்ள வாங்க மக்கா"ன்னு கூப்பிட்டு எல்லாருக்கும் காப்பி போட சொன்னாங்க, வீட்டுல குடுக்க ஒரு பலகாரம் இல்லையேன்னு அவங்களுக்கு ஒரே வருத்தம்.

இருபத்திமூணாம் தேதி சாயங்காலம் ஆட்டோ பிடிச்சு குளோரிந்தா அம்மா கட்டுன கோயிலுக்கு போனோம், பாப்பாத்தி அம்மா கோயில்னு பெரியவங்க சொல்லுவாங்க. ரொம்ப சின்ன கோயில்தான். பாளையங்கோட்டை பெரிய கோயிலான ஊசிக்கோபுரத்துக்கு வர்ற கூட்டம் இங்க வராது, எனக்கு அதனாலயே பிடிக்கும். குளோரிந்தா ஒரு மராத்தி பிராமண விதவை, வெள்ளக்கார அதிகாரி ஒருத்தர் கூட வாழ்ந்தவங்க, கல்யாணம் ஆகாம சேந்து இருக்காங்கன்னு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதல்ல ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன்னுட்டார், அந்த அதிகாரி இறந்த பெறகுதான் 1778ல குடுத்தார். 1780ல எழுதுன சபை ரிஜிஸ்டர்ல 40 பேரு, அதுல முதல் பேரு இவங்க பேருதான். 1785ல இந்த கோயில பிரதிஷ்டை பண்ணவும் அதே சுவார்ட்ஸ் ஐயரே வந்தார். வேண்டாம்னு சொல்லி அனுப்புன ஒரு பொம்பள கட்டுன கோயில்ல அவரே வந்து நின்னு ஜெபம் பண்ணிருக்கார்னு நினைக்கும்போது எனக்கு கண்ணு கலங்கிரும். அம்மாவும் இந்த கதைய சின்ன வயசுல இருந்து கேட்டவங்கதான், ஆனா அன்னைக்கு முன் பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, ஜெபம் முடிச்சிட்டு "அவளும் தனியாத்தான இருந்திருக்கா"ன்னு மட்டும் சொன்னாங்க.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு விடியக்காலம் ஊசிக்கோபுரத்துல ஆராதனை. நான் எந்திரிக்கும்போது அம்மா வெள்ளைச் சேலை கட்டி அப்பாவோட பாமாலை பாட்டு புத்தகத்த மடியில வச்சிட்டு ரெடியா இருந்தாங்க. ரேனியஸ் ஐயர் 1826ல கட்டுன கோயில், அப்பா வழக்கமா உக்கார்ற தூண் பக்கத்து எடத்துலயே நாங்களும் உக்காந்தோம், நற்கருணை எடுத்துட்டு வந்துட்டோம். மத்தியானம் சாம்பாரும் அவியலும்தான். பக்கத்து வீட்டு அத்தை பிரியாணி குடுத்துவிட்டாங்க.

மறுநாள் வாடகை கார்ல இடையன்குடி. அம்மாவுக்கு முட்டு வலி, ஆனா இது அவங்களா கேட்டது. நாங்குநேரி தாண்டி திசையன்விளை ரோட்டுல போகப்போக பனைமரமா வரும், காத்து அப்படி அடிக்கும். கால்டுவெல் ஐயர் 1841ல இந்த தேரி மண்ணுக்கு வந்தவர், இதையே தன் ஊராக்கிக்கிட்டார். கோயில் கட்டிமுடிக்க மட்டும் 33 வருஷம், 1847ல ஆரம்பிச்சு 1880லதான் பிரதிஷ்டை ஆச்சு. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதுனவர்னு உலகத்துக்கு தெரியும், இங்க உள்ள ஜனங்களுக்கு அவர் எங்க ஐயர். அவரோட மனைவி எலைசா அம்மா நாகர்கோவில்ல இருந்த மால்ட் ஐயரோட மக, இந்த ஊரு பொம்பளைகளுக்கு லேஸ் பின்ன சொல்லிக்குடுத்து கையில நாலு காசு பாக்க வச்சவங்க. ஐயர் 1891ல கொடைக்கானல்ல இறந்துட்டார், உடம்ப அங்க இருந்து இவ்வளவு தூரம் இடையன்குடிக்கு கொண்டுவந்து கோயிலுக்குள்ளயே அடக்கம் பண்ணாங்க, எட்டு வருஷம் கழிச்சு எலைசா அம்மாவையும் அவர் பக்கத்துலயே வச்சாங்க.

அன்னைக்கு கோயில்ல எங்கள தவிர யாருமே இல்ல, வெளிய பனை ஓலை சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அம்மா கல்லறை இருக்கிற பக்கமா பாத்துக்கிட்டே, "எட்டு வருஷம் தனியா இருந்து என்ன பண்ணாளோ"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கைய பிடிச்சுக்கிட்டேன், ரெண்டு பேரும் கர்த்தருடைய ஜெபம் சொன்னோம்.

திரும்பி வரும்போது திசையன்விளைல காரை நிறுத்த சொன்னாங்க. கருப்பட்டி ஒரு கிலோ, பாசிப்பயறு ரெண்டு கிலோ வாங்குனாங்க, எதுக்கும்மான்னு கேட்டேன். "முந்திரிக்கொத்து போடுவோம்ட்டி, முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி ஆராதனை முடிஞ்சு அந்த பயலுவள வீட்டுக்கு வரச் சொல்லு, அன்னைக்கு வெறும் காப்பிய குடிச்சிட்டுல்லா போனானுவ".