மாமா ஆட்டோவின் பழைய பேட்டரி, எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஜெனரேட்டர் ஓடும் வீடு தேடி நடந்தேன். வீட்டில் ஒரு பேட்டரி இருந்தே ஆக வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

அக்கா வீட்டுக்காரர் மின்சார ஆட்டோ ஓட்டுகிறார். மேம்பாலம் ஏறினால் வண்டி நின்றுவிடுகிறது என்று பேட்டரியை மாற்றினார். பழையதை இரும்புக் கடையில் எடைக்குக் கேட்டார்கள். அதே காசை நான் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஏற்றத்தில் வண்டி ஒரே இழுப்பாக நூறு ஆம்பியர் கேட்கும். வீட்டுக்குப் பத்து ஆம்பியர் போதும்.

வண்ணாரப்பேட்டையில் லித்தியம் பேட்டரி சர்வீஸ் பார்க்கும் அண்ணன் ஒருவர் கூட இருந்து பிரித்துக் கொடுத்தார். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். ஸ்பேனருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினார். உள்ளே 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியரை, ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வரும் கொள்ளளவு). ஒன்று உப்பியிருந்தது, அதை உடனே ஒதுக்கினோம்.

மல்டிமீட்டர் வைத்தால் மற்ற பதினைந்தும் 3.3 வோல்ட்தான் காட்டின. சரி, எல்லாம் நல்ல செல் என்று நினைத்தேன். அண்ணன் தலையாட்டினார். எல்எஃப்பி செல் முக்கால்வாசி காலியாகும் வரை கிட்டத்தட்ட அதே வோல்டேஜைத்தான் காட்டுமாம். ஒவ்வொன்றையும் 3.65 வோல்ட் வரை ஏற்றி, 20 ஆம்பியரில் 2.5 வரை இறக்கி, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று எழுதினோம். நல்ல செல் ஒன்றுக்கு இறக்க மட்டுமே நான்கு மணி நேரம் கிட்ட ஆனது. இரண்டு வாரம் இதே வேலை. இரண்டு செல்கள் 60 ஏஎச்சைத் தாண்டவில்லை. வண்டியை நிறுத்தியது இவைதான்: தொடராக இணைத்தால், இருப்பதிலேயே பலவீனமான செல் காலியானதும் மொத்த பேட்டரியையும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) நிறுத்திவிடும். மீதி 72 முதல் 79 வரை. அதில் 75க்கும் 77க்கும் நடுவில் வந்த எட்டை எடுத்தோம். அதிகம் தருவதை விட, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுதான் முக்கியம்.

அப்புறம் எட்டையும் இணையாகப் போட்டு ஒரே அளவுக்கு ஏற்றி, தொடராக மாற்றி, புது பிஎம்எஸ்ஸும் ஃப்யூஸும் வைத்தோம். இன்வெர்ட்டர் சார்ஜை 28 வோல்ட்டில் நிறுத்தினோம். ஈய பேட்டரி செட்டிங்கிலேயே விட்டுவிடாதீர்கள்.

இரண்டு ஃபேன், நாலு லைட், ஒரு வைஃபை பெட்டிக்கு ஆறு, ஏழு மணி நேரம் தாங்குகிறது. நெபுலைசரும் ஓடுகிறது.

உப்பிய செல்லைக் குப்பையில் போடவில்லை. 2022 பேட்டரிக் கழிவு விதிகளும் அதை மறுசுழற்சிக்குத்தான் அனுப்பச் சொல்கின்றன. கொடுங்கையூர் குப்பைமேடு எரியும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நாங்கள். பலவீனமான இரண்டோடு சேர்த்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படைத்தேன்.

மிஞ்சிய ஐந்தில் நான்கைச் சேர்த்து 12 வோல்ட்டாக்கி, அக்காவின் இட்லிக் கடைக்கு இரண்டு லைட் போட்டிருக்கிறேன். விடிகாலை நாலரைக்குக் கரண்ட் போனாலும் மாவு ஊற்ற வெளிச்சம் இருக்கிறது.