மேசை மேல் ஒரு ரிக் வண்டி

8 ஜூன் 2024, சனி

ரிமோட் லாரி வந்து சேர்ந்தது. ஆறு சக்கரம், 1:16 அளவு, ராணுவ லாரி. பின்னால் இருந்த பச்சைக் கூடாரத்தை அப்போதே கழற்றிவிட்டேன். போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் பிறந்தவனுக்கு இதை ரிக் வண்டியாகப் பார்க்கத்தான் ஆசை. அப்பா இருபத்தைந்து வருடம் ரிக்கில் ஓடியவர். ராஜஸ்தான், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று அவர் போய்வந்த ஊர்கள்தான் சின்ன வயதில் எனக்குப் பூகோளப் பாடம்.

முதலில் ராடு (குழிக்குள் இறங்கும் துளைக் குழாய்) கணக்கு. நிஜத்தில் 20 அடி, பதினாறால் வகுத்தால் 38 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட லாரியின் நீளமே அவ்வளவுதான். ராடைத் தாங்கும் கோபுரமான மாஸ்ட் கேபினுக்கு மேலே நீட்டிப் படுத்திருப்பது ஏன் என்று இப்போது அளந்து பார்க்கும்போது புரிகிறது.

9 ஜூன், ஞாயிறு

மாஸ்ட்டுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. துத்தநாகப் பூச்சுக் கம்பியாகக் கேட்டு வாங்க வேண்டும். பற்றவைக்கும்போது ஸ்டெயின்லெஸ் கம்பியில் சாதாரண ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) போட்டால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. ராடுக்குப் பலூன் குச்சி, கருப்பு பெயின்ட்.

15 ஜூன், சனி

மாஸ்ட்டைத் தூக்க இரண்டு சிரிஞ்சு, நடுவில் டியூப், உள்ளே தண்ணீர். ஹைட்ராலிக் மாதிரியே இருக்கும் என்று ஆசைப்பட்டேன். எவ்வளவு தட்டினாலும் ஒரு காற்றுக் குமிழி உள்ளேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் மாஸ்ட் பாதி வழியில் ஊஞ்சலாடுகிறது. விட்டுவிட்டேன்.

16 ஜூன், ஞாயிறு

நான்கு மில்லிமீட்டர் மரைக் கம்பி, அதைச் சுற்ற 100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 100 சுற்று) கியர் மோட்டார். ஒரு சுற்றுக்கு நட் 0.7 மில்லிமீட்டர் நகரும். ஐந்து சென்டிமீட்டர் நகர முக்கால் நிமிடம் ஆகிறது. நிஜ மாஸ்ட்டும் நிதானமாகத்தானே எழும்! கரன்ட் போனாலும் மரை பிடித்துக்கொள்வதால் மாஸ்ட் கீழே விழாது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரு மைக்ரோ சுவிட்ச். சுவிட்சுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் கரன்ட் விடும் டயோடு ஒன்று போட்டால் திரும்பி வருவதற்கு மட்டும் கரன்ட் பாயும்.

எல்லாம் மாட்டித் தூக்கினேன். மாஸ்ட் முக்கால்வாசி எழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். வண்டி பின்பக்கம் சாய்ந்து, மேல் முனை வளைந்துவிட்டது. ஒரு வாரத்து வேலை, மனசு கஷ்டமாகிவிட்டது. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார்.

"ஏங்கண்ணு, ஜாக்கி போடாம மாஸ்ட்டத் தூக்குனா வண்டி நிக்குமா?"

"பொம்மை வண்டிதானுங்கப்பா."

"எடை எடைதான் கண்ணு."

டயரும் ஸ்பிரிங் பட்டையும் அமுங்கிக்கொடுக்கும், அதனால் பாரம் முழுக்க ஜாக்கியில் இறங்க வேண்டும். மட்டம் தப்பினால் குழி கோணலாகப் போய் ராடு சிக்கிக்கொள்ளும் என்று அரைமணி நேரம் சொன்னார். ரிக்கை விட்டு வந்த பிறகு இவ்வளவு நேரம் அவர் ரிக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

22 ஜூன், சனி

மூன்று மில்லிமீட்டர் போல்ட்டில் நான்கு ஜாக்கி, கையால் திருகுவது. முன் ஆக்சிலில் 80 கிராம் ஈயம். டயர் கடையில் வீல் பேலன்சுக்கு ஒட்டுகிற கட்டிதான். அடியிலேயே பாரம் இருப்பதால் மேடு ஏறும்போதும் முன்சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது. வளைந்த முனையை நிமிர்த்தி மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

23 ஜூன், ஞாயிறு

கிணற்று மேட்டு மண்ணில் நிறுத்தினேன். நான் ஜாக்கியைத் திருகுவதற்குள் அப்பா வேப்பங்கட்டையில் செதுக்கிய நான்கு சின்னப் பலகைகளை அடியில் வைத்தார். இளக்கமான மண்ணில் ஜாக்கி இறங்கிவிடுமாம். மாஸ்ட் நேராக எழுந்தது. வண்டி அசையவில்லை.

அப்புறம், ரிக்கோடு கூடவே ராடு ஏற்றிவரும் சப்போர்ட் வண்டி எங்கே என்று கேட்டார். ராத்திரி சாப்பிட்டதும் அதில் ராடு அடுக்கும் விதத்தை என் நோட்டில் வரைந்து கொடுத்திருக்கிறார். தண்ணீர் டிரம் எந்தப் பக்கம் என்பதுவரை குறித்திருக்கிறார்.