தெண்டியா, வன்னியா

செப்டம்பர் 27
நைனாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. வலது கை இன்னும் தூக்க வரவில்லை. கட்டிலில் சாய்த்ததும் கேட்டது: "தண்ணி எப்டி கீது?" கடலின் ஓட்டத்தைக் கேட்கிறார்: வடக்கே ஓடினால் தெண்டி, தெற்கே ஓடினால் வன்னி.

செப்டம்பர் 30
தெண்டி.

அக்டோபர் 4
நான் சொன்ன பதில் தப்பாம். அடையாறு முகத்துவாரத்தில் சருகு வடக்கே போனதைப் பார்த்துச் சொன்னேன். "அது அலை இழுக்கிறது. நா கேக்கறது ஆழத்துத் தண்ணிய." சரிதான். கரையோரம் மணலை நகர்த்துவது அலை. வருஷத்துக்குக் கூட்டிக் கழித்தால் வடக்கேதான் அதிகம். துறைமுகம் குறுக்கே வந்த பிறகு மெரினா அகண்டதும், ராயபுரம் அரித்ததும் அதனால்தான். வெளியே ஓடும் ஓட்டம் வேறு. பிப்ரவரி முதல் மே வரை வடக்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. இடைப்பட்ட மாதங்களில் ஒரு சீர் கிடையாது. இதை எழுதித்தான் பரீட்சையில் மார்க் வாங்கினேன். எந்தத் தேதியில் திரும்பும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 5
மாத்திரை ஐந்து. காலையில் மூன்று. சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் 9
தூக்கமில்லை. செயற்கைக்கோள் எடுத்த கடல்மட்ட வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தேன். சென்னைக்கு வெளியே ஒரு சுழல், அதன் மேற்கு ஓரத்தில் ஓட்டத்தைக் காட்டும் அம்புகள் வடக்கே. ஆந்திராவுக்கு மேலே எல்லாம் தெற்கே. ஒரே கரை! பூமத்தியரேகைப் பக்கம் காற்று மாறினால், அங்கே கிளம்பும் அலை சுமத்ராவைத் தொட்டு, வங்கக்கடல் விளிம்பைச் சுற்றி, வாரக்கணக்கில் நடந்து இங்கே வருகிறது. இந்தியப் பெருங்கடல் இருமுனை நேர்நிலையில் உள்ள வருஷம், அதாவது அதன் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிராகவும் இருக்கும் வருஷம், தெற்கோட்டம் சோர்ந்துபோகும். காலையில் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, வன்னி எப்போ?"

அக்டோபர் 10
விரல் அசைந்தது. நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தாள்.

அக்டோபர் 14
அண்ணன் போட்ட வலை தெற்கே இழுத்ததாம். வன்னி! ஓடிவந்து சொன்னேன். "ஒருநாள் தண்ணிய நம்பாத."

அக்டோபர் 15
தெண்டி.

அக்டோபர் 19
பாட்டிலில் கடல் தண்ணி வேண்டுமாம், வெளித்தண்ணி. கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர், நூறு கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். வன்னி வந்தால் உப்புக் குறையும். டாக்டர் உப்பே கூடாது என்றாரே என்றேன். காதில் வாங்கவில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.
"இன்னும் வர்ல."
இடது கையால் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அக்டோபர் 22
காய்ச்சல். இன்று தண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்டோபர் 23
அண்ணன் நாலு மணிக்குக் கிளம்பினான். பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.