ஒரு நிமிஷத்துக்கு நீங்கதான் டிரைவர்

விர்ச்சுவல் டூர்னு கேள்விப்பட்டு ஆசையா போய் உக்காந்தா பெரும்பாலும் கெடைக்கறது ஒரு 360 டிகிரி போட்டோ, மவுஸ வச்சு சுத்தி சுத்திப் பாக்கலாம், கூரை தெரியும் தரை தெரியும், ரெண்டு நிமிஷத்துல கொட்டாவி வந்து மூடிட்டுப் போயிடுவோம். கேமரா நல்லா இல்லாததாலதான் இப்படின்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், படமெல்லாம் பளிச்சுனுதான் இருக்கு, ஆனா நாம பாக்கறதால அங்க எதுவுமே நடக்கறதில்ல.

இத சரியா புடிச்சது ஃபாரோ தீவுக்காரங்கதான்னு நெனைக்கிறேன். ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவுல அட்லாண்டிக்ல 18 தீவு, ஜனத்தொகை அம்பதாயிரத்துக்கு கொஞ்சம் மேல, மனுஷங்கள விட செம்மறி ஆடு ஜாஸ்தி. தெருத்தெருவா படம் எடுத்து மேப்புல காட்டுற கூகுள் ஸ்ட்ரீட் வியூ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலைனு 2016-ல அங்க டூரிசம் ஆபீஸ்ல இருந்த துரிதா டால் ஆண்ட்ரியாசென் என்ன பண்ணாங்கன்னா, ஆட்டு முதுகுல சோலார்ல ஓடுற 360 கேமராவக் கட்டி மலைல மேய விட்டுட்டாங்க. பேரு ஷீப் வியூ. ஊர் உலகமெல்லாம் நியூஸ் ஆகி, கடைசில கூகுளே கேமராவக் குடுத்து அனுப்புச்சு. (ஆட்டுக்கு சம்பளம் குடுத்தாங்களான்னு தெரியல.)

ஆனா நான் சொல்ல வந்தது 2020 ஏப்ரல்ல நடந்தது. கொரோனால பிளைட் எல்லாம் நின்னு போச்சு, இவங்க ரிமோட் டூரிசம்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க. உள்ளூர் ஆள் ஒருத்தர் ஹெல்மெட்ல கேமராவ மாட்டிக்கிட்டு வெளிய எறங்கிடுவாரு, வீட்ல இருக்கற நம்ம போன் ஸ்க்ரீன்ல வீடியோ கேம் மாதிரி பட்டன் வரும், லெஃப்ட் அமுக்குனா அவர் லெஃப்ட்ல திரும்புவாரு, ஓடுன்னா ஓடுவாரு, ஜம்ப் அமுக்குனா நெஜமாவே குதிப்பாரு, படமும் சேர்ந்து குலுங்கும். ஒருத்தருக்கு ஒரு நிமிஷம்தான், அப்புறம் கன்ட்ரோல் வேற நாட்டுல இருக்கற இன்னொருத்தர் கைக்குப் போயிடும்.

அந்த ஒரு நிமிஷம்தான் மொத்த சூட்சுமமும். நம்ம டர்ன் வரைக்கும் காத்துக்கிட்டு பாக்கறோம், டர்ன் வந்ததும் பரபரன்னு இருக்கு, முடிஞ்சதும் அய்யய்யோ அந்தப் பாறைப் பக்கம் திருப்பியிருக்கலாமேன்னு தோணும். அடுத்தவன் அவர லெஃப்டும் ரைட்டுமா அலைக்கழிக்கறதப் பாத்தா சிரிப்பும் வரும், பாவமாவும் இருக்கும்.

இதுல இருந்த டெக்னாலஜி எதுவும் ராக்கெட் சயின்ஸ் கெடையாது. கண்ணுல மாட்டற விஆர் ஹெட்செட்லாம் வாங்க வேண்டாம், சாதா போன் போதும். முக்கியமானது ரெண்டே விஷயம். ஒண்ணு, ஊருக்கு வெளிய மேட்டுலயும் நெட்வொர்க் எடுக்கணும். இன்னொண்ணு லேட் ஆகக் கூடாது, சும்மா வேடிக்க பாக்கற லைவ்னா பத்து செகண்ட் பின்னாடி வந்தாக்கூட ஒண்ணும் குடி முழுகிடாது, ஆனா நாம லெஃப்ட் அமுக்கி பத்து செகண்ட் கழிச்சு அவர் திரும்புனா ஆட்டமே காலி. காசு செலவு பண்றதா இருந்தா நான் இங்கதான் பண்ணுவேன், 3டி கிராபிக்ஸ்ல இல்ல.

ஆள் நேர்ல இருந்தா மட்டும் போதுமான்னா, போதாது. அதே 2020-ல அமேசான் எக்ஸ்ப்ளோர்னு ஒண்ணு வந்துச்சு, அதுலயும் கைடு லைவ்ல வந்து ஊர் சுத்திக் காட்டுவாரு, நாம பேசலாம், கடைல பொருள் கூட வாங்கலாம். 2022-ல மூடிட்டாங்க. எனக்குத் தோணுறது, அங்க டூரையே காசுக்கு வித்தாங்க, பார்டர் தெறந்ததும் ஜனங்க அந்தக் காச டிக்கெட்டுக்கு சேத்து வைக்க ஆரம்பிச்சிருப்பாங்க. ஃபாரோக்காரங்க எதையும் விக்கல, ஃப்ரீயா காட்டி நாக்குல தேன் தடவி விட்டாங்க, வர்றவங்க பின்னாடி நேர்ல வரட்டும்னு.

அதுக்காக கூட்டம் கூட்டமா வரணும்னு அவங்களுக்கு ஆசையும் இல்ல போல. 2019-லயே மெயின்டனன்ஸுக்காக மூடப்பட்டுள்ளதுன்னு அறிவிச்சு, பேர் போன சில இடங்கள ஒரு வீக்கெண்ட் டூரிஸ்டுக்கு மூடிட்டு, வெளிநாட்டுல இருந்து 100 வாலண்டியர்கள வரவழைச்சு நடைபாதையெல்லாம் சரி பண்ண வச்சவங்க. அடுத்த வருஷம் எத்தன பேர் சுத்திப் பாத்தாலும், புல்ல மிதிச்சது ஹெல்மெட் போட்டு குதிச்சவரோட ஒரு ஜோடி செருப்பு மட்டும்தான்.