கம்பெனிக்கு ஒரே மூளை இல்லை, ஆணையத்துக்கும்தான்

பெரிய நிறுவனங்கள் சந்தையில் போட்டியை நசுக்காமல் பார்த்துக்கொள்ளும் போட்டி ஒழுங்குமுறை ஆணையத்தில் இருந்து வெளியே வந்து, தொழில்நுட்ப நிறுவனங்களுக்காக அதே சட்டத்தில் வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அவங்க என்ன நினைக்கிறாங்க?" என்பதுதான். அவங்க என்றால் ஆணையம். ஆணையத்தில் இருந்தபோது நாங்களும் இதையே எதிர்ப்பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்: "இந்தக் கம்பெனி என்ன நினைச்சு இதைச் செஞ்சிருக்கு?"

இரண்டு கேள்விக்கும் ஒரே கோளாறு. அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் யோசித்து முடிவெடுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக இரண்டுமே வைத்துக்கொள்கின்றன. இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்துவிட்டேன், அப்படி ஒருவரை எங்கேயும் சந்திக்கவில்லை.

ஆணையத்தில் ஒரு ஃபைல் எப்படி உருவாகிறது என்று சொன்னால் இது புரியும். முதலில் ஒரு புகார் வரும். பிறகு நிறுவனத்திடமிருந்து ஆயிரக்கணக்கான ஈமெயில்கள், ஸ்லைடுகள், கூட்டக் குறிப்புகள். அவற்றில் பொருந்துவதை மட்டும் எடுத்துத் தேதி வாரியாக அடுக்குவோம். விற்பனைப் பிரிவில் ஒருவர் ஒரு போட்டியாளரைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருப்பார். சில மாதம் கழித்து அந்தப் போட்டியாளரின் செயலி சரியாக இயங்காதபடி ஒரு மென்பொருள் மாற்றம் வந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு சதித்திட்டமே கண்முன் எழும். பல வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த இரண்டு தாளுக்கும் நடுவில் இருந்த பல்லாயிரம் தாள்களை அகற்றிவிட்டு அடுக்கியவர்கள் நாங்கள்தான் என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அடுக்கிய எங்களுக்கே மறந்துவிடும்.

நிறுவனத்துக்குள் வந்து பார்த்தால், ஈமெயில் எழுதியவருக்கும் மென்பொருளை மாற்றியவருக்கும் அறிமுகமே இருக்காது. வேறு வேறு கட்டடம், வேறு வேறு இலக்கு. மாற்றியவர் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற புகாரைச் சரிசெய்திருப்பார்.

இதைச் சொன்னவுடன் என் கட்சிக்காரர்கள், அதாவது என்னை அமர்த்திய நிறுவனங்கள், மலர்ந்துவிடுவார்கள். "அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம், எங்களுக்கு உள்நோக்கமே இல்லை." சரி, ஆனால் அது பாதிதான். சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனத்தின் செயலால் சந்தையில் என்ன நடந்தது என்றுதான் சட்டம் முதலில் பார்க்கிறது. உள்நோக்கம் இருந்தால் அது கூடுதல் சான்று, இல்லாவிட்டால் விடுதலை கிடையாது. நிறுவனத்தைச் சட்டம் ஒரே ஆளாக நடத்துவதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. லாபம் ஒரே கணக்கில் சேரும்போது பொறுப்பு மட்டும் பத்துக் குழுக்களுக்கு நடுவில் கரைந்துபோக முடியாது.

ஆணையத்தில் இருந்தபோது நான் எழுதிய தகவல் கோரிக்கைகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: கடந்த மூன்று ஆண்டுகளில் மாதந்தோறும் எத்தனை பேர் உங்கள் சேவையைப் பயன்படுத்தினார்கள் என்று தெரிவிக்கவும். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. நிறுவனத்துக்குள் உட்கார்ந்து அதே வரிக்குப் பதில் தயாரிப்பது வேறு கதை. வளர்ச்சிக் குழுவின் டாஷ்போர்டில் ஓர் எண் இருக்கும். விளம்பரக் குழுவிடம் வேறு எண். முதலீட்டாளர்களுக்கு நிதிப் பிரிவு சொல்வது மூன்றாவது. முதல் குழு, செயலியைத் திறந்தாலே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு, ஒரு விளம்பரமாவது திரையில் வந்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரே ஆள் ஃபோனிலும் லேப்டாப்பிலும் வந்திருந்தால் ஒருவராகத்தான் எண்ணும். மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், அந்தக் கணக்கை எழுதிய இன்ஜினியர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

இப்போது எதைக் கொடுப்பது? பெரிய எண்ணைக் கொடுத்தால் ஆதிக்கத்துக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும் என்று ஒரு குழு பயப்படும். சின்ன எண்ணைக் கொடுத்த பிறகு ஆண்டறிக்கையில் பெரியது கிடந்தால், மறைத்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கம் எழுதும். நான் மூன்றையும் கொடுக்கச் சொல்வேன், எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விளக்கத்தோடு. "கேட்டது ஒரு எண்தானே, நாம ஏன் மூணு குடுக்கணும்?" என்ற சண்டை ஒவ்வொரு முறையும் வரும். ஆணையத்தின் முன்னாள் ஆள் என்பதால் எனக்குக் கிடைக்கும் மரியாதையில் பெரும்பகுதி இந்தச் சண்டையில்தான் செலவாகிறது.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஃபேஸ்புக், வாட்ஸப்பை வாங்கிய கதை போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஐரோப்பிய ஆணையம் 2014இல் அந்த இணைப்பைப் பரிசீலித்தபோது, இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் நம்பகமான முறையில் தானாகப் பொருத்திப் பார்க்கத் தங்களால் முடியாது என்று ஃபேஸ்புக் சொன்னது. 2016 ஆகஸ்டில் வாட்ஸப் தன் விதிமுறைகளைப் புதுப்பித்தது. பயனரின் தொலைபேசி எண்ணை ஃபேஸ்புக் கணக்கோடு இணைக்கும் வாய்ப்பு அதில் இருந்தது. பொருத்தும் தொழில்நுட்ப வழி 2014லேயே இருந்தது, ஃபேஸ்புக் ஊழியர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது என்று ஆணையம் கண்டறிந்து, 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. தவறு வேண்டுமென்று செய்ததல்ல என்றது நிறுவனம். இணைப்புக்குக் கொடுத்த அனுமதியை ஆணையம் திரும்பப் பெறவில்லை. கொடுத்த தகவல் தவறு என்பதற்கு மட்டுமே அந்த அபராதம்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 'ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது' என்ற பகுதி. இணைப்புக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைத் தயாரிக்கிற வழக்கறிஞருக்கு எந்த ஊழியரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. "இது முடியுமா?" என்று கேட்டால் இன்ஜினியர் முடியாது என்பார். இன்றைக்கு இருக்கிற அமைப்பில், அவருக்குக் கொடுத்த நேரத்தில் முடியாது என்று அவர் அர்த்தம். அதைச் சட்டக் குழு எப்போதுமே முடியாது என்று எழுதிவிடும். அதனால் நான், "உங்களுக்கு ஆறு மாசமும் அஞ்சு பேரும் குடுத்தா முடியுமா?" என்று கேட்பேன். பதில் அநேகமாக மாறிவிடும்.

இனி மறுபக்கம். நிறுவனங்கள் கற்பனை செய்துவைத்திருக்கும் ஆணையம் சர்வ வல்லமை உடையது, பழிவாங்கும் குணமும் கொண்டது. ஆனால் ஆணையத்துக்கும் கெடு உண்டு. ஐரோப்பாவில் இணைப்புப் பரிசீலனையின் முதல் கட்டத்துக்கு 25 வேலை நாள், ஆழமான இரண்டாம் கட்டத்துக்கு 90 வேலை நாள். இந்தியாவில் போட்டிச் சட்டத்தின் 2023 திருத்தம், இந்தப் பரிசீலனையின் மொத்தக் கெடுவை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்தது. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆணையம் திடீரென்று "தகவல் முழுமையாக இல்லை" என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தினால், நிறுவனத்தில் ஒரே பதற்றம். யாரோ பின்னால் இருந்து இயக்குகிறார்கள், போட்டியாளர் உள்ளே ஆள் பிடித்துவிட்டார், இப்படி.

அந்தக் கடிகாரத்தை நானும் நிறுத்தியிருக்கிறேன். பெரும்பாலும் காரணம் சப்பென்று இருக்கும். ஃபைலைப் பார்க்கிற பொருளாதார ஆலோசகர் இன்னொரு வழக்கில் மாட்டியிருப்பார். அல்லது நிறுவனம் அனுப்பிய எக்ஸெல் கோப்பில் நெடுவரிசைகளுக்குத் தலைப்பே இருக்காது. நான்கைந்து பேர் கொண்ட குழு, எதிரே இரண்டு மூன்று சட்ட நிறுவனங்கள், மேலிருந்து ஒரு கெடு. நேரம் போதவில்லை என்று தெரியும்போது, சட்டம் அனுமதிக்கிற ஒரே கதவு அதுதான். இதைச் சொன்னால் கட்சிக்காரருக்கு ஏமாற்றமாக இருக்கும். சதி என்றால் அதை எதிர்த்துப் போராடலாம், ஆள் பற்றாக்குறையை எதிர்த்து என்ன செய்ய முடியும்? ஒன்று செய்யலாம்: நெடுவரிசைகளுக்குத் தலைப்பு போட்டு அனுப்பலாம். நான் கொடுத்த ஆலோசனைகளில் அதிகம் பலித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், 'எழுதக்கூடாத சொற்கள்' பட்டியல். புதிய கட்சிக்காரர் முதல் மாதத்திலேயே இதைக் கேட்டுவிடுவார். ஆதிக்கம், சந்தைப் பங்கு, போட்டியாளரை முடித்துவிடலாம் என்றெல்லாம் எழுத வேண்டாம் என்று ஊழியர்களுக்கு அனுப்ப ஒரு சுற்றறிக்கை வேண்டுமாம். நான் எழுதித் தருவதில்லை. தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோத ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, இந்த மாதிரியான பழக்கத்தையும் பார்த்தார். ஊழியர்களின் சாட் செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும் அமைப்பு, பாதகமான ஆதாரம் உருவாகாமல் எழுதப் பயிற்சி, இரண்டும் தீர்ப்பில் இடம்பெற்றன. அதற்காகத் தனியே தண்டனை கொடுக்கவில்லை. ஆனால் கொடுக்காததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிவைத்தார். எந்தச் சொற்களுக்குப் பயப்படுகிறீர்கள் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கிற பட்டியல் அது. ஐரோப்பாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர் எழுதியதற்குப் போட்டிச் சட்ட விசாரணையில் இரகசியப் பாதுகாப்பு இல்லை என்று, ஆக்ஸோ நோபல் வழக்கில் 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு போக அதிகாரிகளுக்குத் தடையே இருக்காது.

விற்பனைக்காரர் வீரவசனம் எழுதுவார். அது அவர் தொழில், காலாண்டுக்கு ஒருமுறை யாரையாவது முடித்துக்கட்டுவதாகச் சபதம் போடுவார். ஆணையத்தில் இருந்தபோது அப்படி ஒரு வரி கிடைத்தால் எங்களுக்குத் தீபாவளிதான். இப்போது அந்த வரிக்குப் பிறகு என்ன வந்தது என்று தேடுகிறேன். அந்தச் சபதம் ஒரு வேலைப் பட்டியலில் ஏறியதா? அதற்கு ஆள் ஒதுக்கினார்களா, வெளியிடும் தேதி போட்டார்களா? அப்படி இருந்தால் கட்சிக்காரரைத் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். இல்லையென்றால் வெறும் வாய்ச்சவடால், அதை விசாரணை அதிகாரிக்கும் விளக்கிவிடலாம். நல்ல அதிகாரிகள் கேட்டுக்கொள்வார்கள்.

சந்தை எது என்ற வாதத்தில் மட்டும் நிறுவனங்கள் ஒரே குரலில் பேசும், அதுவும் ஆளைப் பொறுத்து. முதலீட்டாளர் முன் "இந்தத் துறையில் நாங்கள்தான் முதலிடம்." ஆணையத்தின் முன் "உலக விளம்பரச் செலவில் நாங்கள் ஒரு துளி." விலையை 5 முதல் 10 சதவீதம் ஏற்றினால் வாடிக்கையாளர் வேறு பக்கம் போவாரா என்பது சந்தையை வரையறுக்கும் பழைய சோதனை. சேவை இலவசம் என்றால் அது படுத்துவிடும், பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம்தானே. கூகுளின் ஆண்ட்ராய்டு வழக்கில் ஐரோப்பிய ஆணையம், விலைக்குப் பதில் தரத்தைச் சற்றுக் குறைத்தால் பயனர் போவாரா என்று கேட்டது. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் அந்த வழியை ஏற்றது. இதில் எனக்குப் பழைய பக்கத்தின் மீதுதான் சாய்வு. திரையில் விளம்பரம் கூடினால் எத்தனை பேர் செயலியை மூடுகிறார்கள் என்று இந்த நிறுவனங்கள் ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. விடை அவர்கள் சர்வரில் இருக்கும்போது, சோதிக்கவே முடியாது என்று வாதாடுவது எனக்கு வாயில் வராது. வேறு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொன்னதும் உண்டு.

பக்கம் மாறியவர்களைப் பற்றிப் பேச்சு வரத்தான் செய்யும். மக்கள் வரிப்பணத்தில் கற்றதை நிறுவனத்துக்கு விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதை மறுக்க எனக்குப் பெரிய வாதம் இல்லை, சம்பள வித்தியாசம் ஊரறிந்தது. குறிப்பிட்ட காலம்வரை சில வேலைகளை ஏற்கக் கூடாது, நான் தொட்ட ஃபைல் சம்பந்தப்பட்ட எதையும் எப்போதுமே எடுக்கக் கூடாது என்ற வரம்புகள் எனக்கு உறுத்தவில்லை, இன்னும் இறுக்கினாலும் தகும். உறுத்துவது கட்சிக்காரரின் எதிர்பார்ப்புதான். "உங்க பழைய ஆபீஸ்தானே, ஒரு ஃபோன் போட்டுப் பாருங்களேன்." போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் அந்த அழைப்பை அன்றைக்கே குறிப்பாக எழுதி ஃபைலில் சேர்ப்பார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

தேடல் முடிவுகளில் தன் ஷாப்பிங் சேவையையே முன்னிறுத்தியது என்ற கூகுளின் ஷாப்பிங் வழக்கில் ஐரோப்பிய விசாரணை 2010இல் தொடங்கியது. 242 கோடி யூரோ அபராதம் வந்தது 2017இல். மேல்முறையீடு முழுதாக முடிய 2024 செப்டம்பர் ஆயிற்று. அத்தனை ஆண்டு காத்திருக்கும் தெம்பு எந்தச் சின்னப் போட்டியாளருக்கு உண்டு? நடந்து முடிந்ததைத் தோண்டுவதைவிட முன்கூட்டியே விதி போடலாம் என்ற யோசனையில் பிறந்ததுதான் ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம். 2023 செப்டம்பரில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், டிக்டாக்கை உருவாக்கிய பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஆறும் முதலில் அதன் கீழ் வந்தன. 2024 மார்ச் 7 முதல் கடமைகள் அமலாயின. 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதமும் வந்துவிட்டது. இந்தியாவிலும் 2024 மார்ச்சில் இதே பாணியில் ஒரு வரைவு மசோதா வெளியானது.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது, கட்சிக்காரர்களிடம் மணிக்கணக்கில் கேட்கிறேன். ஆனால் என் வேலையின் நேரத்தை அது மாற்றிவிட்டது. முன்பெல்லாம் நோட்டீஸ் வந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். இப்போது, எந்த பிரவுசர் வேண்டும் என்று பயனரைக் கேட்கும் திரையில் பெயர்கள் எந்த வரிசையில் வர வேண்டும், 'பிறகு பார்க்கலாம்' என்ற பட்டன் இருக்கலாமா என்ற கூட்டத்துக்கே அழைப்பு வருகிறது. பொத்தானின் நிறத்தைப் பற்றி டிசைனரோடு ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கிறேன். சட்டக் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

அதே சட்டத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க நிறுவனத்துக்குள்ளேயே, வணிகப் பிரிவுகளைச் சாராத ஒரு தனி அமைப்பு வேண்டும். அதன் தலைவர் நேரே நிர்வாகக் குழுவிடம் பேசலாம், அந்தக் குழுவின் முன் ஒப்புதல் இல்லாமல் அவரைப் பதவியிலிருந்து நீக்கவும் முடியாது. எல்லாக் குழுவிடமும் போய்க் கேட்கும் உரிமையுள்ள ஓர் ஆளை ஒரு சட்டம் இப்படிக் கட்டாயமாக உட்காரவைக்கிறது. இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராத கட்சிக்காரர்களிடமும் அப்படி ஒருவரை நியமிக்கச் சொல்லி வருகிறேன். நல்ல யோசனை என்கிறார்கள். சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஜூனியரைக் கைகாட்டுகிறார்கள். டாஷ்போர்டைத் திறக்க அவருக்கு அனுமதி வாங்கவே மூன்று மேலாளர்களின் கையெழுத்து வேண்டியிருக்கிறது.